அன்னபூரணியை வாங்கிய அமெரிக்கர்... வல்வெட்டித்துறைக் கப்பல் பெயர் மாறிய கதை!

தாம்பரத்தில் இருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் போய், ஈ.சி.ஆரில் சென்னைப் பக்கம் திரும்பினால், முட்டுக்காடு படகு இல்லத்தைத் தாண்டியதுமே வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் கண்ணில் படுவார்கள். கானாத்தூரிலும் உத்தண்டியிலும் கப்பல் படிப்புக்கு இரண்டு பல்கலைக்கழகங்களே இருக்கின்றன. ரேடார், ஜி.பி.எஸ்., சிமுலேட்டர் என்று எல்லாமும் படிக்கிறார்கள். ஆனால், 1938-ல் ஐந்து தமிழர்கள் ஒரு பாய்மரக் கப்பலில் அட்லாண்டிக் பெருங்கடலையே கடந்தார்கள் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்தக் கதையைச் சொல்ல, முதலில் ஒரு அமெரிக்கரைப் பற்றிச் சொல்லணும். வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன். பாய்மரப் பயணம் மேல் பைத்தியமாக இருக்கும் ஆட்களிடம் இந்தப் பெயரைச் சொன்னாலே போதும், உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

1902-ல் பிறந்தவர். படிப்பு பொறியியல். நியூயார்க்கில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை உதறிவிட்டு, 1928-ல் ஒரு சின்னப் படகில் கிளம்பிவிட்டார். நீளம் 32 அடிதான். நம்ம எம்.டி.சி. பஸ்ஸைவிடச் சின்னது! அதில் உலகத்தையே சுற்றிவிட்டு 1931 கடைசியில் ஊர் திரும்பினார். அவ்வளவு சின்னப் படகு அதற்குமுன் உலகைச் சுற்றியதில்லை என்று அன்றைக்குப் பெரிய பேச்சு. அந்தப் படகின் பெயர் 'ஸ்வாப்'. சம்ஸ்கிருதம். நாம் சொப்பனம் என்கிறோமே, அதற்கு உறவுக்காரச் சொல். டாஹிட்டியில் வேலைக்குச் சேர்த்துக்கொண்ட எட்டேரா என்ற தீவுக்காரர்தான் பாதி உலகத்துக்கு அவருடைய ஒரே துணை.

திரும்பி வந்தவர் கல்யாணம் செய்துகொண்டது ஃப்ளோரன்ஸ் கிரேன் என்ற பணக்கார வீட்டுப் பெண்ணை. குழாய், குளியலறைச் சாமான் தயாரித்துக் கோடீஸ்வரரான சிகாகோ கிரேன் குடும்பம். வேறு யாராக இருந்தாலும் மாமனார் வீட்டு மாளிகையில் செட்டிலாகியிருப்பார்கள். இந்த மனுஷன் மனைவியையும் படகில் ஏற்றிக்கொண்டு காலபகோஸ் தீவுகளுக்குப் போனார். 1934-ல் அங்கே அவருக்குக் குடல்வால் வெடித்துவிட்டது. ஆள் நடமாட்டமே இல்லாத இடம். தற்செயலாக வந்த ஒரு மீன்பிடிப் படகில் ரேடியோ இருந்ததால் செய்தி பனாமாவுக்குப் போய், அமெரிக்க விமானங்கள் டாக்டர்களை அழைத்து வர, உயிர் பிழைத்தார். உயிர் திரும்பியது, ஸ்வாப் திரும்பவில்லை.

படகை இழந்தவர் அடுத்து வந்து நின்றது இலங்கையில்.

அப்போது யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறை என்றாலே கப்பல்தான். பர்மாவில் இருந்து அரிசி, நாகப்பட்டினத்தோடு வியாபாரம் என்று வங்காள விரிகுடா அவர்களுக்குக் கொல்லைப்புறம் மாதிரி. உலகமெல்லாம் நீராவிக் கப்பலுக்கு மாறியபிறகும், அங்கே குறுக்குப் பாய் கட்டிய பெரிய கப்பல்கள் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தன. ராபின்சனுக்கு அது புதையல். அப்படிக் கண்ணில் பட்டவள்தான் அன்னபூரணி. சுந்தர மேத்திரியார் கட்டியது என்று ஊர் சொல்கிறது. வேப்பமரத்தில் செய்த உடல், இரண்டு பாய்மரங்கள், 89 அடி நீளம், 19 அடி அகலம். தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் இரண்டு பஸ்களை வரிசையாக நிறுத்தினால்கூட அவ்வளவு நீளம் வராது.

ஏற்கெனவே சரக்கு சுமந்து பழகிய அந்தக் கப்பலை ராபின்சன் விலைக்கு வாங்கினார். கப்பலோடு ஆட்களும் வந்தார்கள். தண்டையல் தம்பிப்பிள்ளை தலைமையில் ஐந்து வல்வெட்டித்துறைக்காரர்கள். தண்டையல் என்றால் அந்த ஊர் வழக்கில் கப்பலோட்டி நடத்துகிறவர். நட்சத்திரம், காற்று, நீரோட்டம் பார்த்தே திசை சொல்லக்கூடியவர். இவர்களை அமர்த்தியது ராபின்சன் செய்த பெரிய புத்திசாலித்தனம் என்றுதான் நான் சொல்வேன். கப்பலின் மனசு அதை ஓட்டியவனுக்குத்தானே தெரியும்?

1937-ல் இலங்கையை விட்டுக் கிளம்பியது கப்பல். செங்கடல், சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல் என்று பயணம் ஒரு வருஷத்துக்கு மேல் நீண்டது. அட்லாண்டிக்கைக் கடக்கும் நேரத்தில் ராபின்சன் கப்பலில் இல்லை. பொறுப்பு மக்குயிஷ் என்ற கேப்டனிடம் போனது. ஆனால், தமிழர்கள் இறங்கவில்லை. பெர்முடா வழியாக 1938 ஆகஸ்ட் 1-ம் தேதி, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கும் குளோஸ்டர் துறைமுகத்தில் போய்ச் சேர்ந்தார்கள். குளோஸ்டர் சாதாரண ஊர் இல்லை. பாய்மரக் கப்பல் கட்டுவதிலும் ஓட்டுவதிலும் தலைமுறை தலைமுறையாக ஊறிய மீனவர்கள் ஊர். அவர்களே கரைக்கு வந்து வேடிக்கை பார்க்கிற அளவுக்கு இருந்தாள், நம்ம ஊர் வேப்பமரத்துக் கப்பல்.

ஆனால், போய்ச் சேரும்போது அவள் அன்னபூரணி இல்லை. 'ஃப்ளோரன்ஸ் சி. ராபின்சன்'. மனைவி பெயரை வைத்துவிட்டார். வாங்கியவருக்கு உரிமை இருக்கிறது, சரி. ஆனால், சோறு போடும் அம்மன் பெயர் போனதோடு, கப்பலின் பூர்வீகத்துக்குப் பிடிப்பாக இருந்த நூலும் போனது. அமெரிக்கப் பத்திரிகைகளிலும் பதிவுகளிலும் அன்னபூரணி என்று தேடுகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். சீமாட்டி பெயரில் தேடினால்தான் நம்ம ஆட்கள் அகப்படுவார்கள். வல்வெட்டித்துறைக்காரர்கள் மட்டும் இன்றுவரை பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே 1938-ல், மாமனார் வீட்டுப் பக்கமான இப்ஸ்விச்சில் இருந்த ராபின்சனின் கப்பல் கட்டும் தளத்தில், 'ஸ்விஃப்ட் ஆஃப் இப்ஸ்விச்' என்ற பாய்க்கப்பல் உருவானது. ஹாலிவுட் நடிகர் ஜேம்ஸ் கேக்னிகூட ஒரு காலத்தில் அதை வைத்திருந்தார். கை மாறினாலும் பெயர் மாறவில்லை. அதன் கதையை யாரும் சுலபமாகத் தேடிப் படித்துவிடலாம்.

இரண்டாம் உலகப் போரில் அந்தத் தளம் கடற்படைக்குக் கப்பல் கட்டித் தள்ளியது. நடுவில் தனக்கென்று ஒன்றும் கட்டிக்கொண்டார் மனுஷன். 'வருவா', 70 அடி. அதுவும் அன்னபூரணி மாதிரியே இரண்டு பாய்மரம், குறுக்குப் பாய். போர் முடிந்ததும் மாளிகை, தொழில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வருவாவில் டாஹிட்டிக்கே போய்விட்டார். ஃப்ளோரன்ஸோடு திருமணமும் முறிந்திருந்தது. கப்பலில் எழுதிய பெயர் வாழ்க்கையில் நிலைக்கவில்லை.

டாஹிட்டியில் அவர் செய்த வேலை நம்ம பக்கத்து ஆட்களுக்கு உடனே புரியும். யானைக்கால் நோய். செங்கல்பட்டுப் பக்கமெல்லாம் வீட்டுக்கு வீடு டி.இ.சி. மாத்திரை கொடுத்தார்களே, ஞாபகம் இருக்கா? அந்த நோய் டாஹிட்டித் தீவுகளையும் வாட்டிக்கொண்டிருந்தது. எலி கடித்துப் போட்ட தேங்காய்க்குள் மழைநீர் தேங்கி, அதில் கொசு பெருகும். ராபின்சன் அமெரிக்க ஆராய்ச்சியாளர்களை அழைத்து வந்தார், பணம் திரட்டினார். 1949-ல் பாப்பீட்டியில் ஒரு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் உருவாவதில் அவருக்கும் பங்கு உண்டு. அதே டி.இ.சி. மருந்தை அங்கே ஊர் ஊராகக் கொடுத்தார்கள். தேங்காய் மட்டைகளைப் பொறுக்கி எரித்தார்கள். நோய் மளமளவென்று குறைந்தது.

ராபின்சன் 1980-களில் காலமானார். அந்த ஆராய்ச்சி நிறுவனம் லூயி மலார்தே என்ற பெயரில் பாப்பீட்டியில் இன்றும் இயங்குகிறது.