கொடுமுடி கோகிலம்

ஒலிபெருக்கி பரவாத காலத்தில் நாடக நடிகருக்குக் குரலே முதல் சொத்தாக இருந்தது. கீற்றுக் கொட்டகையில் நூற்றுக்கணக்கானோர் கூடியிருப்பர். முன் வரிசையில் நாற்காலியில் அமர்ந்திருப்பவர் கேட்கும் பாட்டு, கடைசியில் மணல் தரையில் அமர்ந்திருப்பவரின் காதிலும் தெளிவாக விழ வேண்டும். எட்டாத குரலை இரசிகர்கள் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். அத்தகைய மேடையில் தம் குரல் ஒன்றையே துணையாகக் கொண்டு ஏறியவர் கே.பி. சுந்தராம்பாள். வறுமையில் பிறந்த அவர், அக்குரலுக்கு உரிய மதிப்பை உலகம் ஒப்புக்கொள்ளும்படி செய்தார். 'கொடுமுடி கோகிலம்' என்று மக்கள் அவரை அன்போடு அழைத்தனர்.

சுந்தராம்பாள் 1908-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் பிறந்தார். அவ்வூர் இன்று தமிழ்நாட்டின் ஈரோடு மாவட்டத்தில் உள்ளது. அவர் பெயரின் முதல் எழுத்து ஊரையும், இரண்டாம் எழுத்து அன்னை பாலாம்பாளையும் குறிக்கும். தந்தையின் துணையின்றிப் பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பு அன்னையின் தலையில் விழுந்தது. வீட்டில் அடுப்பு எரிவதே அரிதாயிற்று. நெடுங்காலம் பள்ளி செல்லவோ, பெரிய வித்துவான்களிடம் முறையாக இசை பயிலவோ அக்குடும்பத்தில் வழியில்லை. காதில் விழுந்த பாடல்களை அப்படியே மனத்தில் வாங்கிப் பாடும் ஆற்றல் மட்டும் அச்சிறுமிக்கு இயல்பாகவே இருந்தது.

அந்த ஆற்றல் முதலில் பசியைத் தீர்க்கப் பயன்பட்டது. சுந்தராம்பாள் இரயில் பெட்டிகளில் ஏறிப் பயணிகளின் முன் பாடினார். அவர்கள் கொடுத்த காசு வீட்டுச் செலவுக்கு உதவியது. இரயிலின் இரைச்சலையும் மீறி ஒலித்த அக்குரலை ஒருநாள் எப்.ஜி. நடேச ஐயர் கேட்டார். அவர் திருச்சிராப்பள்ளியில் பணியாற்றிய இரயில்வே அதிகாரி. நாடகத்திலும் இசையிலும் பேரார்வம் கொண்டவர். வழிப்போக்கராகக் காசு கொடுத்துவிட்டு நகர அவருக்கு மனம் வரவில்லை. அவருடைய முயற்சியால் சுந்தராம்பாளுக்கு நாடக மேடைக்கான வழி திறந்தது. சிறுமி வேலு நாயரின் நாடகக் குழுவில் சேர்ந்தார்.

தொடக்கத்தில் அவருக்குக் கிடைத்தவை சிறுவர் வேடங்கள். 'நல்லதங்காள்' நாடகத்தில் பசியால் வாடும் பிள்ளையாக அவர் தோன்றிப் பாடியபோது கொட்டகையில் இருந்தவர்கள் கண் கலங்கினர். அந்தப் பசியை நடித்துக் காட்ட அவருக்கு யாரும் கற்றுத் தர வேண்டியிருக்கவில்லை. வளர வளர, பெண் வேடங்களோடு ஆண் வேடங்களையும் அவர் ஏற்றார்.

அக்காலத்தில் 'ஸ்பெஷல் நாடகம்' என்றொரு முறை இருந்தது. ஒரே குழுவைச் சேராத நடிகர்களை வெவ்வேறு ஊர்களிலிருந்து ஒப்பந்தம் செய்து, ஒரே மேடையில் நிறுத்துவார்கள். ஒத்திகை கிடையாது. வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் முதலிய கதைகள் எல்லாருக்கும் தெரிந்தவை. ஆர்மோனியக்காரர் சுருதி கொடுத்தவுடன் நாடகம் தொடங்கிவிடும். ஒருவர் பாட்டில் கேள்வி கேட்டால், மற்றவர் அதே சுருதியில் பாட்டாலேயே விடை சொல்ல வேண்டும். சற்றே தடுமாறினாலும் கூட்டத்தில் கேலி எழும். இரவு தொடங்கும் இந்தப் போட்டி விடியும் வரையில் நீளும். குரல்வளம், நினைவாற்றல், நேரத்திற்கேற்ற அறிவு ஆகிய மூன்றும் ஒருங்கே இருந்தால்தான் அங்கு நிலைக்க முடியும். இந்த மேடையே சுந்தராம்பாளுக்கு இசைப்பள்ளியாக அமைந்தது.

அவருடைய புகழ் கடல் கடந்து இலங்கைக்கும் சென்றது. கொழும்பில் தமிழ் நாடகங்களுக்குப் பெருங்கூட்டம் கூடும். 1926-ஆம் ஆண்டு அங்கேதான் அவர் எஸ்.ஜி. கிட்டப்பாவைச் சந்தித்தார். செங்கோட்டையைச் சேர்ந்த கிட்டப்பா, எட்டுவதற்கரிய உச்சத்தில் பாடித் தமிழ் மேடையையே தம் வசமாக்கி வைத்திருந்த இளைஞர். அவரோடு இணையாகப் பாடப் பலர் தயங்கினர், சுந்தராம்பாள் தயங்கவில்லை. 'வள்ளி திருமணம்' நாடகத்தில் இருவரும் எதிரெதிரே நின்று பாடியதைக் கேட்க மக்கள் திரண்டனர். 1927-இல் இருவரும் மணம் புரிந்துகொண்டனர்.

அந்த இன்பம் நீடிக்கவில்லை. இருவருக்கும் இடையே மனவேறுபாடும் பிரிவும் குறுக்கிட்டன. கிட்டப்பாவின் உடல்நலமும் குன்றியது. 1933-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 27, சுந்தராம்பாளுக்கு 25. அன்று முதல் சுந்தராம்பாள் வெண்ணிற ஆடையை மேற்கொண்டார். எந்த ஆண் நடிகருக்கும் இணையாக இனி நடிப்பதில்லை என்றும் உறுதி பூண்டார். நாடக நடிகைகளைச் சமுதாயம் இழிவாகப் பேசிய காலம் அது. புகழின் உச்சியில் இருந்த ஒருவர் இவ்வாறு முடிவெடுத்தால், அவருடைய கலைவாழ்வு அத்தோடு முடிந்துவிடும் என்றே பலரும் எண்ணியிருப்பர். நெடுநாள் அவரும் மேடையை விட்டு ஒதுங்கியே இருந்தார்.

அவரை மீண்டும் மக்கள் முன் கொண்டுவர முயன்றவர்களுள் விடுதலைப் போராட்டத் தலைவர் சத்தியமூர்த்தி குறிப்பிடத்தக்கவர். கலையால் நாட்டுக்குத் தொண்டாற்ற முடியும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். காங்கிரஸ் கூட்டங்களில் சுந்தராம்பாள் தேசியப் பாடல்களைப் பாடினார். எழுத்தறியாத உழவரும் தொழிலாளரும் நீண்ட சொற்பொழிவைவிட அவருடைய பாட்டினால் எளிதில் ஈர்க்கப்பட்டனர். தனி ஒருவரின் பசியைப் போக்கிய குரல், இப்போது ஒரு நாட்டின் வேட்கையைச் சொல்லும் குரலாயிற்று.

இதே காலத்தில் தமிழ்த் திரைப்படங்கள் பேசத் தொடங்கியிருந்தன. 'நந்தனார்' கதையைப் படமாக்க விரும்பியவர்கள் நந்தனாராக நடிக்கச் சுந்தராம்பாளை அணுகினர். அவருக்கு விருப்பமில்லை. மறுத்துச் சொல்வதற்கு மாறாக, யாரும் கொடுக்க முன்வராத ஒரு தொகையைக் கேட்டால் வந்தவர்கள் திரும்பிச் சென்றுவிடுவார்கள் என்று எண்ணி, ஓர் இலட்சம் ரூபாய் கேட்டார் என்பர். ஆனால், தயாரிப்பாளர் அதற்கும் இணங்கினார். பல படங்களின் மொத்தச் செலவே அத்தொகையை எட்டாத காலம் அது. இந்தியத் திரையுலகில் ஓர் இலட்சம் ரூபாய் ஊதியம் பெற்ற முதல் கலைஞர் என்ற பெயர் அவருக்கு அமைந்தது.

1935-இல் வெளிவந்த அப்படத்தில் அவர் ஏற்றது ஆண் வேடம். ஆகவே, அவருடைய உறுதிக்கு இழுக்கு நேரவில்லை. நந்தனார் ஒரு பண்ணைத் தொழிலாளி. சிதம்பரம் சென்று இறைவனைக் காண வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. அதற்கும் பண்ணையாரின் அனுமதி வேண்டும். அந்தப் பண்ணையாராகக் கருநாடக இசைமேதை மகாராஜபுரம் விசுவநாத ஐயர் நடித்தார். நாற்பதுக்கும் மேற்பட்ட பாடல்கள் அப்படத்தில் இடம்பெற்றன. இரயிலில் பாடி வளர்ந்த பெண்ணும், குருகுல மரபில் பயின்ற வித்துவானும் ஒரே படத்தில் பாடினர். படத்தைப் பற்றிக் குறை கூறியவர்கள் உண்டு; அவருடைய பாடலின் ஆற்றலை மறுத்தவர்கள் அரிது.

ஏறத்தாழ இதே காலத்தில், அமெரிக்காவிலும் இதை ஒத்த ஒரு வாழ்வைக் காண்கிறோம். பருத்தித் தோட்டங்களில் உழைத்த கறுப்பின மக்களின் துயரத்திலிருந்து 'புளூஸ்' என்னும் இசை அங்கே பிறந்தது. அவ்விசையின் புகழ்பெற்ற பாடகியான பெசி சுமித், இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். சட்டனூகா நகரத் தெருக்களில் பாடிக் காசு சேர்த்தவர். 1923-இல் அவருடைய முதல் இசைத்தட்டு வெளிவந்தது. நிறவேற்றுமையால் கறுப்பினக் கலைஞர்களுக்குத் தங்கும் விடுதிகள் கதவடைத்தபோது, அவர் தமக்கென ஓர் இரயில் பெட்டியையே வாங்கி, அதில் தம் குழுவினரோடு ஊர் ஊராகச் சென்று பாடினார். பெசியும் சுந்தராம்பாளும் ஒருவரை ஒருவர் அறிந்தவர் அல்லர். எனினும், பிறர் தரும் சில்லறைக்குப் பாடிய நிலையிலிருந்து தம் கலைக்குத் தாமே விலை கூறும் நிலைக்கு இருவரும் உயர்ந்தனர்.

இசைத்தட்டுகளே சுந்தராம்பாளின் குரலை அவர் செல்லாத ஊர்களுக்கும் எடுத்துச் சென்றன. நெகிரி செம்பிலானின் லாபு வட்டாரம் அத்தகைய ஊர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு. அங்குள்ள இரப்பர்த் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் விடியுமுன் பெரட்டுக்கு எழுந்து, நெற்றி விளக்கின் ஒளியில் பால்மரம் சீவச் செல்வார்கள். உழைத்துக் களைத்தவர்களுக்கு ஊர் நினைவை மீட்டுத் தந்தவை பாட்டும் நாடகமுமே. மலாயாத் தோட்டங்களில் கிராமபோன் பெட்டி வைத்திருந்தவரின் வீட்டு வாசல் மாலை வேளையில் சிறிய அரங்கமாக மாறும். மாரியம்மன் கோயில் திருவிழாவில் தொழிலாளர்களே வேடமிட்டு வள்ளி திருமணத்தையும் நல்லதங்காளையும் விடிய விடிய நடிப்பார்கள். மேடையில் கேட்ட பாட்டையும் இசைத்தட்டில் கேட்ட பாட்டையும் பால் வாளியோடு நடக்கும்போது முணுமுணுப்பார்கள். பண்ணையாரின் சொல்லுக்குக் காத்திருந்த நந்தனாரின் கதை, கங்காணியின் சொல்லுக்குக் காத்திருந்த மக்களுக்கு எளிதில் விளங்கியது.

அடுத்த தலைமுறை சுந்தராம்பாளைத் திரையில் கண்டது. 1940-இல் 'மணிமேகலை' படத்தில் அவர் நடித்தார். பின்னர், ஜெமினி நிறுவனம் தயாரித்து 1953-இல் வெளியிட்ட 'ஒளவையார்' படத்தில் தலைமைப் பாத்திரம் ஏற்றார். ஒரு முதிய புலவரை நடுவாக வைத்து எடுக்கப்பட்ட அப்படம் மக்களிடையே பெரும் வரவேற்பைப் பெற்றது. ஒளவை என்றவுடன் திருநீறும் வெண்ணிற ஆடையுமாகச் சுந்தராம்பாளின் முகமே பலருக்கு நினைவில் தோன்றும் அளவிற்கு அவர் அப்பாத்திரத்தோடு ஒன்றினார். 1964-இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகளாகவும், 1965-இல் 'திருவிளையாடல்' படத்தில் மீண்டும் ஒளவையாராகவும் தோன்றினார். துணையை இழந்தபோது அவர் பூண்ட உறுதி, அவருடைய கலையைச் சுருக்கிவிடவில்லை. இணை நடிகர் தேவைப்படாத புதிய பாத்திரங்களை நோக்கி அதனை நடத்திச் சென்றது.

பதவியும் பட்டங்களும் அவரை நாடி வந்தன. 1951-ஆம் ஆண்டு அவர் சென்னை மாநிலச் சட்ட மேலவையின் உறுப்பினரானார். இந்தியாவில் சட்டமன்ற அவையொன்றில் இடம்பெற்ற முதல் திரைக்கலைஞர் அவரே என்பர். 1966-இல் தமிழ் இசைச் சங்கம் 'இசைப்பேரறிஞர்' பட்டம் வழங்கிச் சிறப்பித்தது. 1969-இல் வெளிவந்த 'துணைவன்' படத்தில் பாடியதற்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதைப் பெற்றார். அப்போது அவர் அறுபது வயதைக் கடந்திருந்தார். 1970-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது. முறையாக இசை பயிலும் வாய்ப்பு இல்லாதிருந்த ஏழைச் சிறுமியை, இசையறிஞர்களின் சங்கமே பேரறிஞர் என ஏற்றது.

புகழ் வந்த பின்னும் கொடுமுடியோடு அவருக்கிருந்த உறவு அறவில்லை. தம் ஊரில் ஒரு திரையரங்கையும் கட்டினார். முருகனைப் போற்றும் பாடல்களைப் பாடுவதில் கடைசிவரை அவருக்கு நிறைவு இருந்தது. சுருதி தவறாமை, ஒவ்வொரு சொல்லையும் தெளிவாக ஒலித்தல், பொருள் உணர்ந்து பாடுதல் ஆகிய மூன்றும் அவருடைய பாட்டின் தனித்தன்மைகள். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் பழகிய பயிற்சி, ஒலிப்பதிவுக் கூடத்திலும் அவரைக் கைவிடவில்லை. 1980-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அவர் இயற்கை எய்தினார்.

மலேசியத் தமிழர்களின் வாழ்வும் இன்று பெரிதும் மாறிவிட்டது. இரப்பர் மரங்கள் இருந்த நிலங்கள் பலவற்றில் செம்பனை வளர்கிறது. வீடமைப்புப் பகுதிகளும் எழுந்துள்ளன. கிராமபோன் பெட்டிகள் காட்சிப் பொருள்களாகிவிட்டன. ஆயினும், கோயில்களில் முருகன் பாடல்கள் ஒலிக்கும்போது சுந்தராம்பாளின் குரலை இன்றும் கேட்கலாம். திறமைக்கு வறுமை தடையாகலாம். ஆனால், அதன் மதிப்பைக் குறைத்துவிட முடியாது. தம் திறமையின் மதிப்பை உணர்ந்தவர் அதனை மலிவாக விற்கவும் மாட்டார். தமக்கென மட்டும் பூட்டி வைக்கவும் மாட்டார். சுந்தராம்பாளின் வாழ்வு இதற்குச் சான்றாகும்.