சைக்கிளில் உலகை வென்ற மேஜர் டெய்லர்

விடிவதற்கு முன்பே மும்பைத் தெருக்களில் சைக்கிள் மணி ஒலிக்கத் தொடங்கி விடுகிறது. இட்லிப் பாத்திரத்தைப் பின்னால் கட்டிக்கொண்டு நம்மவர்கள் புறப்படுகிறார்கள். திலக் நகர் ரெயில் நிலையத்துக்குச் சைக்கிளை மிதித்து வந்து ரெயிலைப் பிடிப்பவர்களும் உண்டு. அவர்களுக்கெல்லாம் சைக்கிள் பிழைப்புக்கான வாகனம்.

அதே சைக்கிளால் உலகப் புகழ் பெற்றார், அமெரிக்காவில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த ஒரு கறுப்பர். அவர்தான் மேஜர் டெய்லர்.

வண்டிக்காரர் மகன்

1878-ம் ஆண்டு நவம்பர் 26-ந்தேதி இண்டியானாபொலிஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் மார்ஷல் வால்டர் டெய்லர். தந்தை ஒரு வெள்ளைக்காரச் செல்வரிடம் குதிரை வண்டி ஓட்டினார். அந்தக் குடும்பம் சிறுவனுக்கு ஒரு சைக்கிளைப் பரிசளித்தது.

சிறுவன் சைக்கிளில் பல வித்தைகளைக் கற்றான். ஒரு சைக்கிள் கடைக்காரர் அவனுக்கு ராணுவ உடுப்பு அணிவித்துக் கடை வாசலில் வித்தை காட்டச் செய்தார். அந்த உடுப்பால் வந்த பட்டம்தான் "மேஜர்". அதுவே கடைசி வரை நிலைத்துவிட்டது.

ஊரை விட்டுப் புறப்பட்டார்

திறமை இருந்தும் சொந்த ஊரில் நிறம் குறுக்கே நின்றது. அமெரிக்கச் சைக்கிள் சங்கம் 1894-ல் கறுப்பர்களை உறுப்பினராகச் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்தது. லூயி மங்கர் என்ற வெள்ளைக்கார முன்னாள் வீரர் 1895-ல் அவரை வூஸ்டர் நகருக்கு அழைத்துச் சென்றார். பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு அந்தப் பயணத்தின் வலியும் நம்பிக்கையும் புரியாததல்ல.

வேகம் வந்தது எப்படி?

குறுகிய தூரப் பந்தயத்தில் கால் பலம் மட்டும் போதாது. பெரிய எதிரி காற்றுதான். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும்.

டெய்லர் ஹேண்டில்பாரை முன்னுக்குத் தள்ளி வைக்கும் ஒரு அமைப்பைப் பயன்படுத்தினார். அதனால் முதுகை வளைத்து, தலையைத் தாழ்த்தி ஓட்ட முடிந்தது. முன்னே செல்பவரின் முதுகுக்குப் பின்னால், காற்று மறைவில் பலத்தைச் சேமித்து வைப்பார். கோடு நெருங்கியதும் திடீரென்று பாய்வார். குடிப்பழக்கம் அவரிடம் இல்லை. உடற்பயிற்சியை விடாமல் செய்தார்.

பாதையிலும் அவருக்குப் பகை காத்திருந்தது. வெள்ளை வீரர்கள் கூட்டுச் சேர்ந்து அவரை நடுவில் வைத்து மறித்தனர். 1897-ல் டாண்டன் நகரில் பந்தயம் முடிந்ததும் ஒருவர் அவர் கழுத்தை நெரித்து மயக்கமடையச் செய்தார். டெய்லர் திருப்பி அடிக்கவில்லை. இடைவெளி கிடைத்தால் புகுந்து முந்துவது, இல்லாவிட்டால் தொடக்கத்திலிருந்தே முன்னால் போய்விடுவது. இதுவே அவர் பதில்.

உலகச் சாம்பியன்

1899 ஆகஸ்டு 10-ந்தேதி கனடாவின் மாண்ட்ரீல் நகரில் 1 மைல் பந்தயத்தில் வென்று உலகச் சாம்பியன் ஆனார். அதே ஆண்டு நவம்பரில், நீராவியால் ஓடும் சைக்கிளின் பின்னால் 1 மைலை 1 நிமிடம் 19 விநாடியில் கடந்தார். மணிக்கு சுமார் 73 கிலோமீட்டர் வேகம்!

ஞாயிற்றுக்கிழமை பந்தயம் ஓட்டுவதில்லை என்பது அவர் விரதம். பெரும் பணம் கிடைக்கும் என்றாலும் பல ஆண்டுகள் அதை விடவில்லை. 1901-ல் ஐரோப்பா சென்றபோதும் ஞாயிறு தவிர்த்தே ஒப்பந்தம். பாரிசில் பிரெஞ்சு வீரர் ஜாக்கலினிடம் முதல் போட்டியில் தோற்றார். அடுத்த போட்டியில் அவரை வென்றார்.

கடைசி நாட்கள்

1910-ல் ஓய்வு பெற்றார். தொழில்களில் போட்ட பணம் கரைந்தது. குடும்பமும் பிரிந்தது. 1928-ல் தன் வரலாற்றைத் தானே அச்சிட்டு வீடு வீடாக விற்றார். 1932 ஜூன் 21-ந்தேதி சிகாகோவில், இலவச மருத்துவமனை வார்டில் காலமானார். பெயர்ப் பலகை கூட இல்லாத இடத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

16 ஆண்டுகள் கழித்து, 1948-ல், பழைய சைக்கிள் வீரர்கள் அவரை நினைத்தார்கள். சைக்கிள் தொழிலதிபர் ஃபிராங்க் ஷ்வின் பணம் கொடுத்தார். உடலை எடுத்து நல்ல இடத்தில் அடக்கம் செய்து, பெயர் பொறித்த கல்லும் வைத்தனர்.

வாழும்போது வழி மறித்த உலகம், பிறகுதான் வழி விட்டது. ஆனால் டெய்லர் வழி விடும்வரை காத்திருக்கவில்லை. மிதித்துக்கொண்டே இருந்தார்.