ஜூடோ கண்ட ஜிகோரோ கானோ

வாளுக்கு மதிப்பிருந்த காலத்தில் ஜப்பான் தேசத்துப் போர்வீரர், வெறுங்கையாற் பகைவனை வீழ்த்தும் வித்தையொன்றையும் பயின்று வந்தனர். ஜுஜுத்ஸு என்பது அதன் பெயர். 1868-ஆம் ஆண்டில் ஷோகுன்களின் ஆட்சி முடிவுற்று, மேஜி மன்னரின் புதிய அரசு ஏற்பட்டது. 1876-ஆம் ஆண்டில், வாளணிந்து வெளியிற் செல்லலாகாதென்று ஆணையும் பிறந்தது. சாமுராய் எனப் பரம்பரையாகப் பெருமை பெற்றிருந்தோர் மானியத்தையும் மரியாதையையும் ஒருங்கே இழந்தனர். அவர்களுக்கு வித்தை கற்பித்து வாழ்ந்த ஆசிரியர்களின் நிலையோ சொல்லுந்தரமன்று. வாட்போர் வல்லார் சிலர் கட்டணம் வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்கு வேடிக்கை காட்டினர். ஜுஜுத்ஸு வல்லார் பலர் முறிந்த எலும்பைக் கட்டிப் பிழைத்தனர். மேனாட்டுக் கல்வியில் மனம் வைத்த இளைஞர்க்கு இவ்வித்தை முரடர் தொழிலாகவே தோன்றிற்று. அழியும் நிலையிலிருந்த அதனைக் கல்விக்கூடத்துள் கொணர்ந்து அமர்த்திய ஒரு பள்ளியாசிரியரின் வரலாற்றை ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

ஜிகோரோ கானோ 1860-ஆம் ஆண்டில், கோபே நகரை அடுத்த மிகாகே என்னும் கடற்கரையூரிற் பிறந்தார். அரிசியினின்று மது ஆக்கும் தொழிலுக்கு அவ்வூர் பேர்போனது; கானோவின் குடும்பமும் அத்தொழிலுடையதே. இளமையிலேயே அவர் தாயை இழந்தார். 1871-ஆம் ஆண்டில் டோக்கியோ சென்றவர், பின்னர் ஆங்கிலமும் ஜெர்மனும் வழங்கும் பள்ளியொன்றிற் சேர்ந்தார். படிப்பில் அவர் மிக்கவர்; உடலோ குறுகியது, மெலிந்தது. வலிய மாணவர் அவரை அடித்துத் துன்புறுத்தினர். மெலியார் வலியாரை வெல்லும் வித்தை ஒன்றுண்டெனக் கேள்வியுற்று, அதனைக் கற்க விழைந்தார். காலத்திற்கு ஒவ்வாத பழம்பொருளென்று பெரியோர் தடுத்துவிட்டனர்.

1877-ஆம் ஆண்டில் டோக்கியோ சர்வகலாசாலை மாணவரான பின்னும் அவ்விழைவு தணியவில்லை. ஆசிரியரைத் தேட அவர் கையாண்ட உபாயம் நமக்கு வியப்பளிக்கிறது. எலும்பு முறிவுக்கு வைத்தியம் செய்வோரின் பலகை எங்கே தொங்குகிறதோ, அங்கெல்லாம் நுழைந்து விசாரித்தார். இவ்வாறு கிடைத்தவரே தென்ஜின் ஷின்யோ மரபைச் சேர்ந்த ஃபுகுடா ஹச்சினோசுகே. ஓர் எறிதலைக் கையால் எப்படி, காலால் எப்படிச் செய்வதென்று மாணவர் வினவினால், அவ்வாசிரியர் விடையாக அவரையே மீண்டும் மீண்டும் தூக்கியெறிவாராம். பழைய முறை அது. கானோவுக்கோ காரணம் தெரிய வேண்டும். தம்மினும் மிகப் பருத்த ஒருவரை வெல்ல இயலாதபோது, நூல்நிலையம் சென்று மேனாட்டு மல்யுத்த நூல்களைப் புரட்டி, தோளின்மேல் ஏற்றி எறியும் முறையொன்றைக் கண்டு பழகி, அப்பருத்தவரை வீழ்த்தினார். புத்தகம் படித்து மல்லனை வென்ற இந்நிகழ்ச்சியில் அவருடைய பிற்கால வாழ்வு முழுவதும் அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றுகிறது.

ஃபுகுடா 1879-ல் மறைந்தார். பின்னர் வேறு ஆசிரியரையும், கிதோ என்னும் மற்றொரு மரபையும் அடுத்துக் கற்ற கானோ, 1882-ஆம் ஆண்டில் டோக்கியோவிலுள்ள எய்ஷோஜி என்னும் பௌத்த ஆலயத்தில், 12 பாய் விரித்த அறையிற் சொந்தப் பயிற்சிக்கூடம் தொடங்கினார். கோதோக்கான் என்று அதற்குப் பெயரிட்டார். மாணவர் ஒருவரையொருவர் எறியுந்தோறும் தரை அதிர்ந்தது; நீத்தார் நினைவாக வைத்திருந்த பலகைகள் சரிந்து விழுந்தன; ஆலய குரு வருந்தினார். தரையைத் தாங்கும் மரங்கள் முறியவே, ஆசிரியரே அடியிற் புகுந்து பழுது பார்த்ததுண்டு. முதலாண்டிற் சேர்ந்தவர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. பிரபுக்களின் மைந்தர் பயிலும் பள்ளியில் ஆசிரியராய்ப் பெற்ற சம்பளத்தைக் கொண்டே அவர்களைப் பேணினார்.

தாம் கற்பித்ததை அவர் ஜூடோ என்றழைத்தார். ஜுத்ஸு என்பது வித்தை. டோ என்பது நெறி. பெயர்மாற்றம் வெறும் அலங்காரமன்று. உயிர்க்கு ஊறு செய்யும் முறைகளைத் தடையற்ற பயிற்சியினின்று விலக்கினார். அடிபடாது விழும் வகையைக் கற்பித்தார். எறிவதற்கு முன் எதிரியின் நிலையைத் தளரச் செய்யவேண்டும் என்னும் தத்துவத்தை விளக்கினார். தேர்ச்சிக்கேற்பப் படிகளை வகுத்தார். பழைய மரபுகளில் ஆசிரியர் காதோடு காதாக ஓதிய இரகசியங்கள் இங்கே பாடமாயின. போலீஸார் நடத்திய போட்டிகளில் அவர் மாணவர் பெற்ற வெற்றியாற் கூட்டம் பெருகிற்று. பெண்டிர்க்கும் அவர் கற்பித்தார். 1926-ல் அவர்க்கெனத் தனிப்பிரிவு ஏற்பட்டது.

1891-ல் குமமோதோ நகரக் கல்லூரிக்குத் தலைவராய், லாஃப்காடியோ ஹெர்ன் என்னும் ஆங்கில எழுத்தாளரை அங்கே ஆசிரியராக்கினார். 1893 முதல் 1920 வரை, சில இடைவெளிகளோடு, டோக்கியோவின் உயர்தர ஆசிரியர் பயிற்சிக் கல்லூரித் தலைவராயிருந்தார். சீன மாணவர்க்கென அவர் நிறுவிய கலாசாலையிற் பயின்றவருள், பின்னாளிற் புகழெய்திய லூ சுன் ஒருவர். 1909-ல் உலக ஒலிம்பிக் குழுவில் இடம்பெற்ற முதல் ஆசியரும் கானோவே. 1912-ல் ஸ்டாக்ஹோம் பந்தயத்திற்கு ஓட்டக்காரர் இருவரை அழைத்துச் சென்றார். ஜூடோவை அப்பந்தயத்திற் புகுத்த அவர் விரைந்து முயலவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

ஆயினும், கல்விக்கென அவர் திறந்த வாயில் வழியே வேறொன்றும் நுழைந்தது. 1911-ல் நடுநிலைப் பள்ளிகளில் விருப்பப் பாடமாக அனுமதிக்கப்பட்ட ஜூடோவும் வாட்பயிற்சியும் 1931-ல் கட்டாயமாயின. அரசாங்கத்தின் நோக்கம் இப்போது படைக்கு ஆள் பழக்குதலை நாடிற்று. தன்னாற்றலை நன்கு பயன்படுத்துதல், தானும் பிறரும் ஒருங்கே வாழ்தல் என்னும் இரண்டையும் ஜூடோவின் குறிக்கோளாகச் சொல்லிவந்த முதியவர், 1940-ஆம் ஆண்டு ஒலிம்பிக் பந்தயத்தை டோக்கியோவில் நடத்த ஓயாது உழைத்தார். 1936-ல் அது கைகூடிற்று. மறு ஆண்டே சீனாவிற் போர் மூண்டது. பல தேசத்தார் ஐயுற்றனர். 1938-ல் கெய்ரோ சென்று தம் நாட்டிற்காக வாதாடி, அமெரிக்கா வழியே திரும்புகையில், ஹிகாவா மாரு என்னும் கப்பலில் மே 4-ஆம் நாள் நிமோனியாக் காய்ச்சலாற் காலமானார். அவர்க்கு அப்போது வயது 77. ஜூலை மாதத்தில் ஜப்பான் அப்பந்தயத்தைக் கைவிட்டது.

தோல்விக்குப்பின், ஆக்கிரமித்த நேசநாட்டார் போர்க்கலைகளைப் பள்ளிகளில் தடுத்தனர். 1950-ல் ஜூடோ மீண்டது. 1964-ல் டோக்கியோவில் நிகழ்ந்த ஒலிம்பிக் பந்தயத்தில் முதன்முறை அது இடம்பெற்றது. எடைவரம்பற்ற பிரிவின் இறுதிப் போட்டியில் ஆலந்து தேசத்து அன்டன் கீசிங்க், ஜப்பானியரான கமினாகாவைத் தரையில் அமுக்கி வென்றார். மகிழ்ச்சி மிகுதியால் மேடையேற ஓடிவந்த தம் நாட்டாரைக் கீசிங்க் கையுயர்த்தித் தடுத்து, தோற்றவருக்கு முறைப்படி தலைவணங்கிய பின்னரே இறங்கினார்.