லஞ்சத்தால் பறிபோன எம்.பி. பதவி: சர்தானா வாரிசு டைஸ் சோம்ப்ரேயின் கதை

பிரிட்டன் நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் இந்தியர் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருபவர் 1892-ல் வென்ற தாதாபாய் நௌரோஜி. ஆனால், அவருக்கு அரை நூற்றாண்டு முன்பே இந்தியாவில் பிறந்த, இந்திய ரத்தம் கலந்த ஒருவர் அந்த அவையில் அமர்ந்திருக்கிறார். அவர் பெயர் டேவிட் ஆக்டர்லோனி டைஸ் சோம்ப்ரே. ஓராண்டு முடிவதற்குள் அவரது பதவி பறிபோனது. காரணம், லஞ்சம்.

இன்றைய உத்தரப் பிரதேசத்தில், மீரட்டை அடுத்த சர்தானாவில் 1808-ல் பிறந்தவர் டைஸ் சோம்ப்ரே. ஐரோப்பியக் கூலிப்படைத் தலைவர் வால்டர் ரெய்ன்ஹார்ட்டின் கொள்ளுப்பேரன். ரெய்ன்ஹார்ட்டுக்குப் பின் சர்தானாவையும் அதன் படையையும் ஆண்ட பேகம் சம்ரு, இவரைத் தன் பிள்ளையாகவே வளர்த்து வாரிசாக்கினார். 1836-ல் பேகம் மறைந்ததும் சர்தானா நிலங்களைக் கிழக்கிந்திய கம்பெனி எடுத்துக்கொண்டது. பல லட்சம் பவுண்டு மதிப்புள்ள சொத்து மட்டும் டைஸ் சோம்ப்ரேயின் கைக்கு வந்தது. 1838-ல் அவர் இங்கிலாந்து சென்றார். 1840-ல் வைகவுன்ட் செயின்ட் வின்சென்ட்டின் மகள் மேரி ஆன் ஜெர்விஸை மணந்தார்.

உயர்குடியினரின் வட்டத்தில் இடம் பிடிக்க அடுத்த படி, நாடாளுமன்றம். 1841 பொதுத் தேர்தலில் சஃபோக் மாவட்டத்தின் சட்பரி தொகுதியில் அவர் களமிறங்கினார். இரண்டு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் அந்தச் சிற்றூரில் வாக்காளர்கள் சில நூறு பேரே. ரகசிய வாக்கெடுப்பு அன்று கிடையாது. யாருக்கு வாக்கு என்பதை வாக்காளர் எல்லோர் முன்னிலையிலும் வாய்விட்டுச் சொல்ல, அது ஏட்டில் பதிவாகும். பணம் கொடுத்தவருக்கு, வாங்கியவர் சொல் தவறவில்லை என்பதை உறுதிசெய்துகொள்ள இதைவிட வசதியான ஏற்பாடு வேறு இருக்க முடியாது. அதிலும் சட்பரி, வாக்கு விற்பனைக்கு ஏற்கெனவே பெயர் போன ஊர்.

டைஸ் சோம்ப்ரேயும் உடன் நின்ற ஃபிரெடெரிக் வில்லியர்ஸும் சொற்ப வாக்கு வித்தியாசத்தில் வென்றனர். தேர்தலை எதிர்த்து மனு தாக்கலானது. தேர்தல் வழக்குகளை நீதிபதிகள் விசாரிக்கும் முறை 1868-ல்தான் வந்தது. அதுவரை மக்களவை உறுப்பினர்களைக் கொண்ட குழுவே தீர்ப்பளித்தது. கட்சிச் சார்பு புகுந்துவிடுகிறது என்ற குறை அந்தக் குழுக்கள் மீது எப்போதும் உண்டு. சட்பரியில் நடந்ததை மட்டும் மூடி மறைக்க வழியிருக்கவில்லை. ஏஜென்டுகள் வழியாக லஞ்சம் பாய்ந்தது என முடிவு செய்த குழு, 1842 ஏப்ரலில் இருவரின் தேர்வையும் செல்லாததாக்கியது. சட்பரிக்கு மறுதேர்தலும் நடத்தப்படவில்லை. 1844-ல் தனிச் சட்டம் இயற்றி, அந்தத் தொகுதியையே நாடாளுமன்றம் நீக்கிவிட்டது.

டைஸ் சோம்ப்ரேக்கு அடுத்து வந்தது அதைவிடப் பெரிய இழப்பு. மனைவியின் நடத்தை மீது ஓயாத சந்தேகம், யார் யாரையோ துவந்த யுத்தத்துக்கு அழைப்பது என அவர் நடந்துகொண்டதைக் காட்டி, 1843-ல் அவர் மனநலம் குன்றியவர் என அறிவித்தனர். சொத்தை ஆளும் உரிமை பறிபோனது. அதே ஆண்டு காவலிலிருந்து தப்பிப் பாரிஸ் சென்றார். அங்கு மருத்துவர்கள் அவரைப் பரிசோதித்து, தெளிவான மனநிலையில் இருப்பதாகச் சான்றளித்தனர். லண்டன் அதை ஏற்கவில்லை. 1849-ல் தன் மீதான குற்றச்சாட்டை மறுத்துப் பெரிய நூல் ஒன்றையே அச்சிட்டார். அவர் உண்மையிலேயே நோயுற்றிருந்தாரா, அல்லது இந்தியாவில் வளர்ந்தவரின் குடும்ப வழக்கங்கள் லண்டனுக்குப் பித்தாகத் தெரிந்தனவா என்ற விவாதம் வரலாற்றாசிரியர்களிடையே தொடர்கிறது. அவ்வளவு பெரிய செல்வம் பின்னால் இல்லாதிருந்தால், வழக்கு இவ்வளவு தூரம் போயிருக்காது என்பதில் ஐயமில்லை.

1851 ஜூலை 1-ல் லண்டனில் டைஸ் சோம்ப்ரே காலமானார். சொத்தின் பெரும்பகுதியைக் கொண்டு சர்தானாவில் பள்ளி தொடங்க வேண்டும் என உயில் எழுதி வைத்திருந்தார். மனநலம் குன்றியவர் எழுதிய உயில் செல்லாது என மனைவி தரப்பு வாதிட்டது. பல ஆண்டு வழக்குக்குப் பின் அந்த வாதமே வென்றது. பள்ளி எழவில்லை.

சர்தானா தேவாலயத்தில் பேகத்துக்காக அவர் இத்தாலியச் சிற்பி அடாமோ தடோலினியைக் கொண்டு செய்வித்த பளிங்கு நினைவுச் சின்னம் இன்றும் இருக்கிறது. பேகம் உயரே வீற்றிருக்க, கீழே துயரம் தோய்ந்த முகத்துடன் டைஸ் சோம்ப்ரேயின் உருவமும் அதில் இடம்பெற்றுள்ளது.