மரியா மாண்டிசோரி

மரியா மாண்டிசோரி (ஆகஸ்ட் 31, 1870 – மே 6, 1952) இத்தாலியைச் சேர்ந்த மருத்துவரும் கல்வியாளரும் ஆவார். குழந்தைகளின் செயல்களை உற்றுநோக்கி, அவர்களது வளர்ச்சியைப் பருவங்களாகப் பகுத்து விளக்கியவர். இவருடைய பெயரால் வழங்கும் கல்வி முறை உலகின் பல நாடுகளில் பின்பற்றப்படுகிறது. மழலையர் கல்வியுடன் பெற்றோர்–பிள்ளை உறவு, வளரிளம் பருவத்தினரின் தேவைகள் ஆகியவற்றைப் பற்றியும் இவர் விரிவாக எழுதியுள்ளார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இவர் சென்னை அடையாற்றிலும் கொடைக்கானலிலும் வாழ்ந்து பணியாற்றினார்.

இளமைக் காலம்

மரியா இத்தாலியின் அங்கோனா மாகாணத்திலுள்ள கியாரவாலே என்னும் ஊரில் பிறந்தார். இவர் பெற்றோருக்கு ஒரே குழந்தை. தந்தை அலெசாந்திரோ அரசின் நிதித்துறையில் பணிபுரிந்தவர். தாய் ரெனில்டே நூல்கள் பல கற்றவர். குடும்பம் 1875 இல் உரோம் நகருக்குக் குடிபெயர்ந்தது. மகள் ஆசிரியப் பணிக்குச் செல்லவேண்டும் என்பது தந்தையின் விருப்பம். மரியா முதலில் பொறியியலையும் பின்னர் மருத்துவத்தையும் நாடினார். தாயின் ஆதரவு இவருக்கு இறுதிவரை துணைநின்றது. ஆண் மாணவர்களுடன் சேர்ந்து பிணக்கூறாய்வு செய்ய அனுமதி கிடைக்காமையால், வகுப்புகள் முடிந்த பின் தனியே அப்பயிற்சியை மேற்கொண்டார். 1896 இல் உரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியில் இப்பட்டம் பெற்ற முதற்சில பெண்களுள் இவரும் ஒருவர்.

மகன் மாரியோ

பல்கலைக்கழக உளநோய் மருத்துவமனையில் பணியாற்றியபோது, உடன் பணிபுரிந்த மருத்துவர் யூசெப்பே மொன்டெசானோவுடன் இவருக்கு நெருக்கம் ஏற்பட்டது. இவர்களுக்கு 1898 மார்ச் 31 இல் மாரியோ என்னும் மகன் பிறந்தார். இருவரும் மணம் செய்துகொள்ளவில்லை. மணமாகாத பெண் ஒருவர் தம் குழந்தையை வெளிப்படையாக வளர்ப்பது, அக்கால இத்தாலியில் அவரது தொழில் வாழ்வையே முடித்துவிடக் கூடியதாக இருந்தது. எனவே குழந்தை நாட்டுப்புறத்தில் வேறொரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுக்கப்பட்டது. மரியா அவ்வப்போது சென்று பார்த்துவந்தார். 1901 இல் மொன்டெசானோ வேறொரு பெண்ணை மணந்தார்.

தாய் ரெனில்டே 1912 இல் காலமானார். அதன் பின்னரே மாரியோ தம் தாயுடன் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 15. அதற்குப் பின்னரும் பல ஆண்டுகள் வெளியுலகில் அவர் உறவினர் மகன் என்றோ வளர்ப்பு மகன் என்றோதான் அறிமுகப்படுத்தப்பட்டார். பிற்காலத்தில் அவரே தாயின் முதன்மை உதவியாளரும் மொழிபெயர்ப்பாளரும் ஆனார்.

குழந்தைகள் இல்லம்

மரியா 1907 சனவரி 6 இல் உரோமின் சான் லொரென்சோ பகுதியில் முதலாவது குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். இது உழைக்கும் குடும்பங்கள் வாழ்ந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் உள்ளேயே அமைந்தது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் தனித்துவிடப்பட்ட, பள்ளி வயதை எட்டாத குழந்தைகள் இங்கு சேர்க்கப்பட்டனர். குழந்தைகளைத் தூய்மையாக அனுப்பவேண்டும், தாய்மார் வாரம் ஒரு முறையேனும் பொறுப்பாளரைச் சந்தித்துக் குழந்தையைப் பற்றிப் பேசவேண்டும் என்பன இல்லத்தின் விதிகள். இவ்வாறு வீட்டையும் பள்ளியையும் இணைப்பது தொடக்கம் முதலே இம்முறையின் பகுதியாக இருந்தது.

பெற்றோரும் குழந்தையும்

1936 இல் வெளியான குழந்தைப் பருவத்தின் இரகசியம் பற்றிய நூலில், பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இடையே நிகழும் முரண்பாட்டை மரியா ஆராய்ந்தார். பெரியவர் ஒரு செயலை அதன் பயனுக்காகச் செய்கிறார். குழந்தையோ அதே செயலின் வழியாகத் தன்னையே உருவாக்கிக்கொள்கிறது. சட்டைப் பொத்தானைத் தானே போட முயலும் குழந்தையிடமிருந்து நேரமாகிறது என்று பறித்துத் தாமே போட்டுவிடும் பெற்றோர், அன்பினால் உதவுவதாகவே எண்ணுவர். ஆனால் குழந்தையின் விருப்பத்தின் இடத்தில் தம் விருப்பத்தை வைத்துவிடுகின்றனர். குழந்தையின் பிடிவாதமாகத் தோன்றுவதில் பெரும்பகுதி, தடைப்பட்ட வளர்ச்சியின் வெளிப்பாடே என்பது இவரது கருத்து.

வளரிளம் பருவம்

மனித வளர்ச்சியைப் பிறப்பு முதல் 24 வயது வரை, ஆறு ஆண்டுகள் கொண்ட நான்கு பருவங்களாக இவர் பகுத்தார். இவற்றுள் 12 முதல் 18 வரையிலான மூன்றாம் பருவத்தை முதற் பருவத்துடன் ஒப்பிட்டார். இரண்டிலும் உடல் விரைந்து மாறுகிறது. நோய்க்கும் மனச்சோர்வுக்கும் எளிதில் ஆட்படும் நிலை காணப்படுகிறது. முதற் பருவத்தில் தனிமனிதன் உருவாகிறான் என்றால், மூன்றாம் பருவத்தில் சமூக மனிதன் பிறக்கிறான். இவ்வயதில் படிப்பில் ஏற்படும் தளர்ச்சியைச் சோம்பல் எனக் கருதலாகாது என்றும், இளையோரைச் சிறு குழந்தைகளைப் போல நடத்துவது அவர்களைப் புண்படுத்தும் என்றும் இவர் எழுதினார்.

இதற்கெனப் புதுவகைப் பள்ளி ஒன்றையும் முன்மொழிந்தார். அதில் இளையோர் சில காலம் வீட்டைப் பிரிந்து நாட்டுப்புறத்தில் தங்கி, பண்ணையில் உழைத்து, விளைபொருளைத் தம் கடையில் விற்று, ஈட்டும் பணத்தைத் தாமே கையாள்வர். இத்தகைய பள்ளியை மரியா தம் வாழ்நாளில் தொடங்கவில்லை. இக்கருத்துகள் குழந்தைப் பருவத்திலிருந்து வளரிளம் பருவத்துக்குச் செல்லுதல் பற்றிய இவரது நூலில் (1948) இடம்பெற்றுள்ளன.

தமிழ்நாட்டில்

பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பை ஏற்று, 1939 இல் மரியா மாரியோவுடன் அடையாறு வந்தார். முதல் பயிற்சி வகுப்பில் 300 க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டனர். மரியா இத்தாலிய மொழியில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

1940 சூனில் இத்தாலி போரில் இறங்கியது. இத்தாலியக் குடிமக்கள் எதிரி நாட்டினராகக் கருதப்பட்டனர். மாரியோ அகமதுநகர் முகாமில் அடைக்கப்பட்டார்; மரியா சபை வளாகத்தை விட்டு வெளியேறாதவாறு தடுக்கப்பட்டார். ஆகஸ்ட் 31 இல் இவரது 70 ஆம் பிறந்தநாளையொட்டி, பிறந்தநாள் பரிசாக மகனைத் திருப்பி அனுப்புவதாக வைசிராயிடமிருந்து தந்தி வந்தது. வளர்ப்பு மகன் என அறியப்பட்டிருந்த மாரியோ, இதன் வழியாக மரியாவின் மகன் என்று வெளிப்படையாகக் குறிப்பிடப்பட்டார்.

1942 முதல் 1944 வரை இருவரும் கொடைக்கானலில் தங்கினர். அங்கு பல வயதுக் குழந்தைகள் ஒன்றாகப் பயின்றனர். செடிகொடிகள், பூச்சிகள், பாறைகள் ஆகியவற்றிலிருந்து தொடங்கி, உலகம் முழுவதையும் ஒன்றோடொன்று தொடர்புடையதாகக் கற்பிக்கும் முறை 6 முதல் 12 வயதினருக்காக இங்கு வளர்த்தெடுக்கப்பட்டது. இலங்கையைச் சேர்ந்த லேனா விக்கிரமரத்னே இப்பணியில் உதவினார். 1946 இல் ஐரோப்பா திரும்பிய மரியா, அடுத்த ஆண்டு மீண்டும் இந்தியா வந்து 1949 வரை பணியாற்றினார்.

விமரிசனங்கள்

இம்முறை கற்பனைக்கும் குழு விளையாட்டுக்கும் போதிய இடம் தருவதில்லை என அமெரிக்கக் கல்வியாளர் வில்லியம் கில்பாட்ரிக் 1914 இல் குறை கூறினார். 1920களில் முசோலினி அரசின் ஆதரவை மரியா ஏற்றதும் விமரிசனத்துக்கு உள்ளானது. பின்னர் அவ்வரசுடன் முரண்பாடு ஏற்பட்டு, 1934 இல் இவர் இத்தாலியை விட்டு வெளியேறினார்.

2006 இல் ஏஞ்சலின் லில்லார்ட் குழுவினர் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் நடத்திய ஆய்வு வெளியானது. குலுக்கலில் மாண்டிசோரிப் பள்ளியில் இடம் கிடைத்த பிள்ளைகளும் கிடைக்காத பிள்ளைகளும் இதில் ஒப்பிடப்பட்டனர். இரு குழுப் பெற்றோரும் அதே பள்ளியை விரும்பி விண்ணப்பித்தவர்கள் என்பதால், பெற்றோரின் நாட்டத்தால் விளையும் வேறுபாட்டைக் குறைக்க முடிந்தது. மாண்டிசோரிப் பள்ளியில் பயின்ற 12 வயதினர் கூடுதல் படைப்பாற்றலுடன் கதை எழுதினர். பள்ளியைத் தம் சமூகமாக உணர்வதிலும் முன்னிலையில் இருந்தனர்.

இறுதிக் காலம்

மரியா 1949, 1950, 1951 ஆகிய ஆண்டுகளில் அமைதிக்கான நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். 1952 மே 6 இல் நெதர்லாந்தின் நூர்ட்வைக் என்னும் கடலோர ஊரில் காலமாகி, அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். அதன்பின் மாரியோ, 1929 இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு மாண்டிசோரிச் சங்கத்தை 1982 இல் தாம் மறையும் காலம்வரை வழிநடத்தினார்.