மருந்து வருமுன்னே மறைந்த கமலா

நேருவின் மனைவி கமலாவை நினைத்தாலே எனக்கு மனசு பாரமாகிவிடும். 1899ல் பிறந்து, 16 வயசில் பெரிய வீட்டு மருமகளாகப் போனவர். காசநோய் பிடித்தும் முடங்காமல் சுதந்திரப் போராட்டத்தில் இறங்கி, 1931ல் ஜெயிலுக்கும் போனார். அப்போது ஓய்வு, சத்தான சாப்பாடு, மலைக்காற்றுதான் வைத்தியம். பவாலி சானடோரியம், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து என்று அலைந்தும் 1936ல், 36 வயசிலேயே கண்ணை மூடிவிட்டார். ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தை 1943ல்தானே கண்டுபிடித்தார்கள்!

இன்று அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். அப்படியும் எங்கள் தெருப் பெண் ஒருத்தி, மாமியாருக்குப் பயந்து இருமலை மறைத்து வந்தாள். நான்தான் வற்புறுத்திக் கூட்டிப் போனேன். இப்போது மாத்திரை சாப்பிடுகிறாள்.

சகோதரிகளே, இரண்டு வாரமாக இருமல் நிற்கவில்லையா? வெட்கப்படாமல் பரிசோதனை செய்யுங்கள். கொஞ்சம் தேறியதுமே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். டாக்டர் சொன்ன மாசம் முழுக்கச் சாப்பிடுங்கள். கமலாவுக்குக் கிடைக்காதது நமக்குக் கிடைத்திருக்கிறதே!

- ஒரு வாசகி, திருச்சி.