தமிழருக்கு ஒரு பொதுத் திருநாள் தந்த சாரங்கபாணி

திருவாரூரில் 1903ஆம் ஆண்டு பிறந்த கோ. சாரங்கபாணி, 1924இல் பிழைப்புத் தேடிச் சிங்கப்பூர் வந்தார். கிடைத்தது கணக்கெழுதும் வேலை.

கப்பலேறி வந்த தமிழர்கள் சாதியையும் மூட்டையோடு கொண்டுவந்திருந்த காலம் அது. தோட்டத்து லயத்திலும் நகரத்துக் கடைவீதியிலும் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது, யார் வீட்டில் பெண் எடுப்பது என்பதை ஊர் வழக்கமே முடிவு செய்தது. கடல் தாண்டியும் அது கரையவில்லை.

1929இல் பெரியார் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து போனதும் சுயமரியாதைக் கருத்துகள் இங்கே சூடுபிடித்தன. 1932இல் அமைந்த தமிழர் சீர்திருத்தச் சங்கத்தில் சாரங்கபாணி முன்னின்றார். 1935இல் தமிழ் முரசைத் தொடங்கினார். முதலில் வார இதழ். விலை ஒரு காசு. பின்னர் அது நாளிதழாக வளர்ந்தது. சாதியையும் மூடப்பழக்கங்களையும் அதில் விடாமல் சாடினார். சாதிக்குள்தான் சம்பந்தம் என்றிருந்த நாளில் அவர் மணந்தது ஒரு சீனப் பெண்ணை. ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு வீட்டில் வேறாக இருந்தவர் அல்லர்.

ஆனால், சாடி எழுதினால் மட்டும் பழக்கம் போய்விடுமா? பழையதை விடச் சொன்னால், கூடிக் கொண்டாடப் புதியது ஒன்று வேண்டுமே. தீபாவளி இந்துக்களுக்கு, நோன்புப் பெருநாள் முஸ்லிம்களுக்கு, கிறிஸ்துமஸ் கிறிஸ்தவர்களுக்கு. தமிழர் என்ற பெயரில் எல்லாரும் ஒரே பந்தலில் உட்கார ஒரு நாள் இல்லை. அதற்காகவே பொங்கலையொட்டி 1952இல் தமிழர் திருநாளைத் தொடங்கி வைத்தார்.

யோசித்தால் வேடிக்கைதான். பால்மரம் வெட்டுபவருக்கும் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவருக்கும் நெல் அறுவடை ஏது? ஆயினும் விழா வேர்பிடித்தது. பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, விளையாட்டு, நாடகம் என மலாயாவின் ஊர்களுக்கும் பரவியது. சாதி பார்த்துத் தள்ளி உட்கார்ந்தவர்களின் பிள்ளைகள் ஒரே மேடையில் ஏறினார்கள். நூறு தலையங்கங்களைவிட இது அதிகம் செய்தது எனலாம்.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956இல் இந்திய ஆய்வியல் துறை அமைந்த காலத்தில், தமிழ் எங்கள் உயிர் என்ற பெயரில் நிதி திரட்டினார். சாதாரணத் தொழிலாளர்களும் தங்களால் இயன்றதைக் கொடுத்தனர்.

இன்னொரு பழக்கம் மட்டும் எளிதில் அசையவில்லை. எத்தனை ஆண்டுகள் இங்கே உழைத்தாலும் ஒருநாள் ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்ற நினைப்பு அது. பிறந்த மண்ணுக்குச் செய்யும் துரோகம்போல் பலர் குடியுரிமையைக் கண்டு தயங்கினர். 1950களில் பதிவு செய்துகொள்ளும்படி சாரங்கபாணி முரசில் மீண்டும் மீண்டும் வற்புறுத்தினார்.

தமிழவேள் என்று மக்கள் அழைத்த அவர், 1974 மார்ச் 16ஆம் தேதி காலமானார்.